இடித்துரைக்கும் நட்பு

எழுதுகின்றவனுக்குப் பகைவரால் நேரும் தீங்கு பெரிதன்று. பகைவன் குறை கூறினால் அதனைப் பொறாமை என்று ஒதுக்கிவிடலாம். நண்பன் குறை கூறும்போதுதான் அன்றிரவு உறக்கம் வருவதில்லை. இடித்துரைப்பதை நட்பின் கடமையாகவே வைத்தார் வள்ளுவர். அக்கடமை எழுத்துலகில் எவ்வாறு நிறைவேறியது, அதனால் நூல்கள் எவ்வாறு உருமாறின என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃபிளாபேரின் வாழ்க்கை தெளிவான சான்றாக நிற்கிறது. 'மதாம் பொவாரி'யின் ஆசிரியர் என்று அவரை உலகம் அறியும். அந்நாவலுக்கு முன்னும் பின்னும் அவரைச் சூழ்ந்து நின்று கேட்டும், மறுத்தும், மன்றாடியும் வந்த நண்பர்களை அவ்வளவாக அறியாது.

முப்பத்திரண்டு மணி நேரம்

1849ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பிரான்சின் வடபகுதியில், ரூவான் நகருக்கு அருகே, ஸேன் ஆற்றங்கரையில் குரோவாசே என்னும் சிற்றூர். அங்குள்ள வீட்டிற்கு இரு நண்பர்கள் வந்து சேர்ந்தனர். ஒருவர் லூயி பூயிலே. ரூவான் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராயிருந்த ஃபிளாபேரின் தந்தையாரிடம் மருத்துவம் பயின்று, பின்னர் அதனைக் கைவிட்டுக் கவிதைக்குத் தம்மை ஒப்படைத்தவர். மற்றவர் மக்ஸிம் துகாம். செல்வரும் பயணியுமான எழுத்தாளர். ஃபிளாபேருக்கு அப்போது வயது இருபத்தேழு. ஓராண்டுக்கும் மேலாக உழைத்துத் தாம் எழுதி முடித்த 'புனித அந்தோணியாரின் சோதனை' என்னும் நூலை அவர்களுக்குப் படித்துக் காட்டவே அவர் அழைத்திருந்தார். எகிப்தியப் பாலைவனத்துத் துறவி ஒருவரின் முன் உலகத்து ஆசைகளும் கொள்கைகளும் உருவெடுத்து வந்து மயக்குவதே நூலின் பொருள்.

நம் மரபுச் சொல்லில் கூறுவதானால் அது ஓர் அரங்கேற்றம். நண்பகல் முதல் நான்கு மணி வரை, மீண்டும் இரவு எட்டு முதல் நள்ளிரவு வரை. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், நான்கு நாட்கள். நூல் முடியும் வரையில் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. நண்பர்கள் அவ்வாறே வாய் திறவாதிருந்தனர். முப்பத்திரண்டு மணி நேரம் கேட்டு முடித்தபின், ஃபிளாபேர் தீர்ப்பை வேண்டினார். நூலை நெருப்பிலிட்டு, அதைப் பற்றி மீண்டும் பேசாதிருப்பதே நன்று என்று பூயிலே கூறினார்.

அடிபட்டவரின் கூக்குரல் போன்றதோர் ஒலி ஃபிளாபேரிடமிருந்து எழுந்ததாகத் துகாம் பிற்காலத்தில் எழுதிய நினைவு நூலில் குறித்திருக்கிறார். அன்றிரவு முழுதும் மூவரும் வாதிட்டனர். ஃபிளாபேரின் அன்னையோ, தம் மகன்மீது கொண்ட பொறாமையினாலேயே அவர்கள் இவ்வாறு தீர்ப்பளித்தனர் என்று கருதி நெடுநாள் அவர்களை மன்னிக்கவில்லையாம். தாய்க்கு அது பொறாமையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் மகன் அவ்வாறு நினைக்கவில்லை. அதுவே அவருடைய பேறு.

நண்பர்கள் வெறுமனே இடித்துவிட்டுப் போகவில்லை. ஒரு வழியையும் காட்டினர். உன் உள்ளத்தில் கற்பனைப் பெருக்கு மிகுதி. அது கரைபுரண்டு ஓட இடந்தராத எளிய, அன்றாட வாழ்விலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொள். பால்ஸாக் எழுதியவற்றைப் போன்ற ஒன்றை முயன்று பார் என்பது அவர்களுடைய அறிவுரையின் சாரம். நாட்டுப்புற மருத்துவர் ஒருவரின் குடும்பத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சியை நாவலாக எழுதுமாறு மறுநாளே பூயிலே சொன்னதாகவும் துகாம் எழுதுகிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்ட இப்பகுதியை அறிஞர் பலர் அப்படியே ஏற்பதில்லை. எனினும் அந்நான்கு நாட்களின் தழும்பு 'மதாம் பொவாரி'யில் இருக்கிறது என்பதை எவரும் மறுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்

தீர்ப்புக்குச் சில வாரங்கள் சென்றபின், தம் நூலைக் கண்டித்த துகாமுடனேயே ஃபிளாபேர் கீழ்நாடுகளுக்குப் பயணப்பட்டார். 1849 நவம்பரில் அலெக்ஸாந்திரியாவில் இறங்கினர். கெய்ரோ, நைல் ஆற்றுப் படகுப் பயணம், பின்னர் பெய்ரூத், ஜெரூசலம், டமாஸ்கஸ், கான்ஸ்டாண்டினோபிள் என்று பயணம் நீண்டது. துகாம் எகிப்தின் பழஞ்சின்னங்களை நிழற்படங்களாக எடுத்தார். ஃபிளாபேர், ஊரில் இருந்த பூயிலேக்கு நீண்ட மடல்கள் எழுதினார். நூலை எரிக்கச் சொன்னவருக்கே உள்ளத்தைத் திறந்து எழுத முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஊர் திரும்பிய ஃபிளாபேர், 1851 செப்டம்பரில் 'மதாம் பொவாரி'யைத் தொடங்கினார். அது முடிய நாலரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஞாயிறுதோறும் பூயிலே குரோவாசேக்கு வருவார். அவ்வாரம் எழுதிய பக்கங்களை ஃபிளாபேர் உரக்கப் படிப்பார். சொல் சொல்லாக இருவரும் அலசுவர். ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பல பக்கங்கள் நீண்ட வருணனையை ஃபிளாபேர் எழுதியிருந்ததாகவும், அதை நீக்கச் செய்வதற்குப் பூயிலே பல நாட்கள் போராட வேண்டியிருந்ததாகவும் துகாம் சொல்கிறார். எழுதியவனுக்கு இனிப்பது எல்லாம் நூலுக்குத் தேவையானது அன்று என்ற பாடத்தை ஃபிளாபேர் கற்றது இந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

துகாமின் விமர்சனமோ வேறு வகையாகத் திரும்பிற்று. பாரிசுக்கு வா, பெரியோரைப் பார், காலம் போகிறது, பெயர் ஈட்டு என்று அவர் வற்புறுத்தினார். 1852இல் இதுபற்றி இருவரிடையே கசப்பான கடிதங்கள் நிகழ்ந்தன. 1856இல் 'மதாம் பொவாரி', துகாம் ஆசிரியருள் ஒருவராயிருந்த 'ரெவ்யூ த பாரி' என்னும் இதழில் தொடராக வந்தபோது, வேண்டாதவற்றை வெட்டும் பொறுப்பைத் தங்களிடம் விட்டுவிடும்படி துகாம் எழுதினார். அக்கடிதத்தின் பின்புறத்தில் ஃபிளாபேர் ஒரே ஒரு சொல்லை எழுதி வைத்தார்: அபாரம்! எனினும் வெட்டுகள் நிகழ்ந்தன. வழக்கு வருமென்றஞ்சிச் செய்யப்பட்ட அவ்வெட்டுகளால் வழக்கும் நிற்கவில்லை. 1857 ஜனவரி இறுதியில் நீதிமன்றம் ஏறிய ஃபிளாபேர், பிப்ரவரி 7ஆம் நாள் விடுதலை பெற்றார்.

இருவரும் நண்பர்களே, இருவரும் நீக்கு என்றே சொன்னார்கள். ஆயினும் ஒருவர் சொல் நூலைத் திருத்தியது; மற்றவர் சொல் நட்பைக் குலைத்தது. காரணம் யாது? பூயிலே நூலின் நன்மைக்காகப் பேசினார். துகாம் நூலாசிரியரின் முன்னேற்றத்திற்காகவும் இதழின் பாதுகாப்பிற்காகவும் பேசினார். எழுத்தாளன் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்ந்துகொள்கிறான். 'மதாம் பொவாரி' நூலாக வந்தபோது அதனைப் பூயிலேக்கே காணிக்கையாக்கினார் ஃபிளாபேர். 1869 ஜூலையில் பூயிலே மறைந்தபோது, தம்முடைய இலக்கிய மனச்சான்றையே புதைத்துவிட்டதாக வருந்தினார். நண்பரின் இறுதிக் கவிதைகளை முன்னுரையுடன் பதிப்பித்தார். அவருடைய நாடகத்தை மேடையேற்ற அலைந்தார். அவருக்கு நினைவுச்சின்னம் அமைக்க இடந்தராத ரூவான் நகர மன்றத்தைச் சாடித் திறந்த மடல் ஒன்றும் வெளியிட்டார்.

எதிர்த் துருவங்கள்

பூயிலே போனபின் அவ்விடத்தை முழுதும் நிரப்ப எவராலும் இயலவில்லை. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வேறொரு நட்பு வேரூன்றியிருந்தது. ஃபிளாபேரின் 'ஸலாம்போ' 1862 நவம்பரில் வெளிவந்தது. பண்டைய கார்த்தேஜ் நகரைக் களமாகக் கொண்ட அந்நாவலுக்காக அவர் 1858இல் துனிசியா வரை சென்று வந்திருந்தார். பெருந்திறனாய்வாளர் ஸேன்த் பேவ் அதனைக் குறை கூறி எழுதிய நிலையில், 1863 ஜனவரியில் அதனைப் போற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஸாண்ட். ஆண் பெயரில் எழுதிப் புகழ்பெற்ற அவ்வம்மையாரின் இயற்பெயர் ஒரோர் துபேன். ஃபிளாபேர் நன்றி கூறி எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து அம்மையாரின் இறுதிவரை ஓயவில்லை.

இவ்விருவரைப் போல் முரண்பட்ட இருவரைக் காண்பது அரிது. அம்மையார் பதினேழு ஆண்டு மூத்தவர். தம் நோஆன் கிராமத்து வீட்டில் பேரக் குழந்தைகளும் விருந்தினரும் சூழ வாழ்ந்தவர். இரவில் அமர்ந்தால் தாள் தாளாக எழுதிக்கொண்டே போவார். ஃபிளாபேரோ மணம் புரியாதவர். குரோவாசே அறையில் தனித்திருந்து, ஒரு பக்கத்தை முடிக்கப் பல நாட்கள் வதைபடுவார். மக்கள் மேம்பாட்டிலும் குடியரசிலும் நம்பிக்கை வைத்தவர் அம்மையார். மனிதரின் மடமையைத் தவிர நிலையானது ஒன்றுமில்லை என்று கருதியவர் ஃபிளாபேர். கலைஞன் தன் நூலில் தலைகாட்டலாகாது என்பது இவர் கொள்கை. உள்ளத்தை ஒளித்துவைத்து எழுதுவது எதற்கு என்பது அவர் கேள்வி.

ஆயினும் ஃபிளாபேர் அவரை ஆசானே என்றுதான் விளித்தார். அம்மையார் அவரை நீ என்று உரிமையுடன் அழைக்க, இவரோ இறுதிவரை தாங்கள் என்றே எழுதினார். 1866இல் அம்மையார் குரோவாசேக்கு வந்து தங்கினார். அப்போது ஃபிளாபேர் படித்துக் காட்டியவற்றுள், நண்பர்கள் எரிக்கச் சொன்ன அந்த அந்தோணியார் நூலும் ஒன்று. அம்மையாருக்கு அது பிடித்திருந்தது. அதே ஆண்டில் தம் நாவல் ஒன்றை அவர் ஃபிளாபேருக்குக் காணிக்கையாக்கினார்.

1869 நவம்பரில் ஃபிளாபேரின் 'உணர்ச்சிக் கல்வி' வெளிவந்தது. இதழ்கள் அதனைக் கடுமையாகத் தாக்கின. பூயிலே இறந்த துயரம் ஆறாத வேளை அது. ஆதரிப்பார் இன்றி நின்றவருக்காக ஸாண்ட் அம்மையார் டிசம்பரில் கட்டுரை எழுதி அந்நூலின் பக்கம் நின்றார். ஆனால் தனிக் கடிதங்களில் அந்நூலின் குறையைச் சொல்ல அவர் தயங்கவுமில்லை. ஊரறியப் பாதுகாப்பதும், தனியிடத்தில் குறை சொல்வதுமாகிய இம்முறையைப் பலர் தலைகீழாகச் செய்வதை நாம் அறிவோம்.

1870ஆம் ஆண்டுப் போரும், அதனைத் தொடர்ந்த பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியும் இருவரையும் உலுக்கின. மக்கள் அனைவருக்கும் வாக்குரிமை என்பதையே ஃபிளாபேர் இகழ்ந்து எழுதினார். அம்மையார் 1871 அக்டோபரில் 'நண்பர் ஒருவருக்கு விடை' என்னும் கட்டுரையை 'ல தான்' நாளிதழில் வெளியிட்டார். நண்பரின் பெயரைக் குறிக்காமல், மக்களை வெறுத்துவிட்டுத் தான் மட்டும் தனியே உயர்ந்து வாழ இயலாது என்பதை எடுத்துரைத்தார். கருத்து மாறுபாடு இத்துணைத் தூரம் சென்றும் கடிதங்கள் நிற்கவில்லை. 1873 வசந்தத்தில் ஃபிளாபேர் நோஆனில் விருந்தினராயிருந்தார்.

ஒரு வாதமும் ஒரு கதையும்

1875ஆம் ஆண்டு ஃபிளாபேரின் வாழ்வில் இருண்ட ஆண்டு. மருமகளின் கணவர் மர வணிகத்தில் நொடித்துப்போக, அவரைக் காப்பாற்றத் தம் நிலத்தை விற்றார். குரோவாசே வீடும் கைவிட்டுப் போகும் நிலை வந்தது. செய்தி அறிந்த ஸாண்ட் அம்மையார், விலை தம் சக்திக்கு மீறாததாயின் அவ்வீட்டைத் தாமே வாங்கி, ஃபிளாபேர் வாழ்நாள் முழுதும் அதிலேயே வசிக்கச் செய்வதாக முன்வந்தார். இவ்வாறு சொல்ல வல்லவர், ஓரிரு மாதங்களில் அவருடைய எழுத்தைப் பற்றித் தம் வாழ்வின் மிகக் கடுமையான கடிதங்களையும் எழுதினார்.

1875 டிசம்பர் முதல் சில வாரங்கள் நடந்த அவ்வாதத்தின் சுருக்கம் இது. நீ படிப்பவரின் துயரத்தைப் பெருக்குகிறாய், நான் ஆறுதல் அளிக்க முயல்கிறேன் என்றார் அம்மையார். உன் மாந்தரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பதை மறைத்துவிடுவதால் வாசகர் திகைக்கின்றனர். 'உணர்ச்சிக் கல்வி' தவறாகக் கொள்ளப்பட்டதற்கும் அதுவே காரணம். ஒரு சிறு முன்னுரை, கண்டனமாக ஒரு சொல் இருந்திருந்தாலும் போதும் என்றார். ஃபிளாபேர் அசையவில்லை. தம் உள்ளத்தில் கருத்தில்லாமல் இல்லை. ஆனால் அதை வெளியிடத் தமக்கு உரிமையில்லை. படைப்பினுள் படைத்தவன் வெளிப்படலாகாது என்று விடை எழுதினார். படிக்கின்ற நமக்கு, இருவரும் தத்தம் இடத்தைவிட்டு ஓரடியும் நகரவில்லை என்றே தோன்றும்.

ஆனால் உண்மையான விடை கடிதத்தில் வரவில்லை. 1876 பிப்ரவரியில் ஃபிளாபேர் ஒரு சிறுகதையைத் தொடங்கினார். 'எளிய உள்ளம்' என்பது அதன் பெயர். ஆண்டுக்கு நூறு பிராங்கு ஊதியத்தில், ஒரே வீட்டில் அரை நூற்றாண்டு ஊழியம் செய்த ஃபெலிஸித்தே என்னும் வேலைக்காரியின் கதை. அவள் காதலித்தவன் ஏமாற்றினான். அன்பு செலுத்திய எசமானியின் மகள் இறந்தாள். சகோதரி மகன் கடல் கடந்த ஹவானாவில் மாண்டான். இறுதியில் எஞ்சியது ஒரு கிளி. அதுவும் இறந்து, பாடம் செய்யப்பட்ட உருவாக அவள் அறையில் நின்றது. கதையை எழுதுங்காலை ஃபிளாபேர் பாடம் செய்த கிளியொன்றை ரூவான் அருங்காட்சியகத்திலிருந்து இரவல் பெற்றுத் தம் மேசைமீது வைத்திருந்தார்.

இக்கதையில் ஆசிரியர் எங்கேனும் தலைகாட்டுகிறாரா? இல்லை. ஃபெலிஸித்தே நல்லவள் என்றோ, அவளை நடத்தியவர் தீயவர் என்றோ ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. தம் கொள்கையை அவர் சற்றும் தளர்த்தவில்லை. ஆனால் படித்து முடிக்கும்போது நெஞ்சம் கசிகிறது. இது ஏளனமன்று, மெய்யான துயரம் என்று அவரே நண்பர்க்கு எழுதினார். செல்லும் வழி அவருடையதாகவே இருந்தது. சென்று சேர்ந்த இடம் அம்மையார் விரும்பியது. இளமைக்கால நினைவுகளும், தாம் கண்ட ஊர்களும் இக்கதைக்கு உரமாயின என்பது மெய்யே. எனினும் அந்நினைவுகளைத் தட்டியெழுப்பியது அம்மையாரின் குரல். இதில் தங்கள் செல்வாக்கைத் தாங்களே காண்பீர்கள் என்று மே மாத இறுதியில் அவர் அம்மையாருக்குத் தெரிவித்தார்.

அம்மையார் அதைக் காணவில்லை. 1876 ஜூன் 8ஆம் நாள் நோஆனில் அவர் உயிர் நீத்தார். மழையில் நிகழ்ந்த அடக்கத்திற்குச் சென்ற ஃபிளாபேர், அம்மையாரின் பேத்தியைத் தழுவியபோதும், பேழையைக் கண்டபோதும் குழந்தைபோல் அழுததாகத் துர்கனேவுக்கு எழுதினார். பின் ஊர் திரும்பி, ஆகஸ்டில் கதையை முடித்தார். ஓராண்டிற்குப் பின் அம்மையாரின் மகனுக்கு எழுதிய கடிதத்தில், அவரை மகிழ்விக்க வேண்டும் என்பதற்காகவே அக்கதையைத் தொடங்கியதாகவும், பாதியில் இருக்கையில் அவர் மறைந்துவிட்டதாகவும் குறிப்பிட்டார். 1877 ஏப்ரலில் 'மூன்று கதைகள்' என்னும் தொகுதியில் அது வெளிவந்தது.

கேளாத அறிவுரை

நண்பர் சொல் எப்போதும் வெல்வதில்லை. ருஷ்ய நாவலாசிரியர் இவான் துர்கனேவ் 1863 முதல் ஃபிளாபேரின் நண்பர். 'மூன்று கதைகள்' தொகுதியில் மற்ற இரண்டையும் ருஷ்யத்தில் பெயர்த்தவர் அவரே. இரு எழுத்தர்கள் அறிவுத்துறைகள் அனைத்தையும் கற்க முயன்று தோற்பதைப் பற்றிய 'பூவாரும் பெக்யூஷேயும்' என்னும் நாவலை ஃபிளாபேர் திட்டமிட்டபோது, இதனைச் சுருக்கமாக, விரைவாக, ஸ்விஃப்ட், வால்டேர் போன்றோர் முறையில் எழுதுக என்று 1874இல் துர்கனேவ் எச்சரித்தார். சுருக்கினால் வெறும் வேடிக்கையாகிவிடும் என்று ஃபிளாபேர் மறுத்தார். அதற்காக ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட நூல்களைப் படித்ததாகக் கணக்குச் சொன்னார். 1880 மே 8ஆம் நாள் அவர் இறந்தபோது நாவல் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாத வடிவிலேயே 1881இல் வெளிவந்தது. நண்பரின் சொல்லைக் கேட்டிருந்தால் நூல் முடிந்திருக்கும். ஆனால் அது வேறொரு நூலாக இருந்திருக்கும். எரிக்கச் சொன்ன அந்தோணியார் நூலையும் அவர் எரிக்கவில்லை. இருமுறை மீண்டும் எழுதி, இருபத்தைந்து ஆண்டு கழித்து 1874இல் வெளியிட்டார். நண்பர்களின் தீர்ப்பை மதித்தும் மீறியும் வளர்ந்த நூல் அது.

தாம் பெற்றதை அவர் பிறர்க்கு அளிக்கவும் செய்தார். இளைஞர் மோப்பசான் ஞாயிறுதோறும் தம் எழுத்துகளைக் கொண்டுவந்து காட்டுவார். ஆண்டுக்கணக்கில் ஃபிளாபேர் அவற்றைத் திருத்தினார். அவசரப்பட்டு வெளியிடாதே என்று தடுத்தார். 1880 பிப்ரவரியில் 'பூல் த ஸுய்ஃப்' கதையைப் படித்ததும் அது நிலைத்து நிற்கும் படைப்பென்று பாராட்டி, அப்பாராட்டுக் கடிதத்திலேயே சில திருத்தங்களையும் சுட்டினார். பூயிலேயின் ஞாயிற்றுக்கிழமை அவ்வாறு அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது.

நூல் வெளியீட்டு மேடைகளில் பாராட்டு மலிந்திருக்கும் நமக்கு இவ்வரலாறு சொல்வது என்ன? குறை கூறுக என்பது மட்டுமன்று; குறை கூறுவதற்கு எளிதில் உரிமை கிடைப்பதில்லை என்பதையும் இது சொல்கிறது. நெருப்பிலிடு என்று சொன்ன பூயிலே, முப்பத்திரண்டு மணி நேரம் அமைதியாக அமர்ந்து கேட்டவர். நீ துயரத்தையே எழுதுகிறாய் என்று கடிந்த அம்மையார், அவருக்கு வீடு வாங்கித் தர முன்வந்தவர். அத்தகையோர் சொன்ன சொல், மறுக்கப்பட்டாலும் உள்ளே தங்கியது. காலம் வந்தபோது நூலாக வெளிப்பட்டது. கடிதத்தில் இல்லையென்று மறுத்த ஒருவர், கதையில் ஆம் என்று விடை எழுதினார். அவ்விடையைப் படிக்க வேண்டியவர் படிக்காமலே போனார். நாம் படிக்கிறோம்.